சேஜ் செடி வாடுகிறதா? சேலம் மாடிக்கும் ஏற்காட்டு முற்றத்துக்கும் அறிகுறி பார்த்து வைத்தியம்

சமையலில் மணத்துக்குச் சேர்க்கும் மூலிகையான சேஜ் வாடி நிற்பதைப் பார்த்ததும் கை தானாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடும். அந்தக் கையை முதலில் மண்ணுக்குள் விடுங்கள். நடுவிரல் முழுக்க உள்ளே போகட்டும். அடியில் ஈரம் தட்டுப்பட்டால் செம்பைக் கீழே வைத்துவிடுங்கள். நம் பக்கத்தில் சேஜ் சாவது பெரும்பாலும் வெயிலால் இல்லை, தண்ணீரால். கீழே வரும் அறிகுறிகளில் பாதியைத் துருவிக்கொண்டே போனால் கடைசியில் வேரில்தான் போய் நிற்கும்.

காரணம் செடியின் பூர்வீகம். துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் சேஜுக்குச் சொந்தம், ஒரே தாவரக் குடும்பம். ஆனால் குணம் அடியோடு வேறு. புதினாவுக்குக் கால் நனைந்தே இருக்க வேண்டும். சேஜ் மத்தியதரைக் கடலோரத்துச் செடி. குரோவேஷியாவின் டால்மேஷியக் கரையில் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் தானாக முளைத்துக் கிடக்கும். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை முழுக்க வறட்சி. நமக்கோ வெப்பம் அடங்கும் முன்பே மழை வந்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். சூடும் ஈரமும் ஒரே நேரத்தில் வருவது இந்த வேருக்குப் பழக்கமில்லாத சங்கதி.

அடுத்து, நீங்கள் இருப்பது கீழா, மலையிலா என்பதைச் சொல்லாமல் வைத்தியம் சொல்ல முடியாது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் வெப்பநிலை ஏழெட்டு டிகிரி இறங்கிவிடுகிறது, மண்ணும் மாறிவிடுகிறது. கீழே போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. மேலே மழை கழுவிக் கழுவி அமிலம் ஏறிய சிவப்பு மண், அதோடு மூடுபனி. அதனால் ஒரே மஞ்சள் இலைக்குக் கீழே கன்னங்குறிச்சியில் ஒரு மருந்து, ஏற்காட்டில் வேறொரு மருந்து. இணையத்தில் கிடைக்கும் பொதுவான குறிப்புகளை அப்படியே பின்பற்றிச் செடியைப் பறிகொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அதற்காகத்தான் இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

இலையில் வாசனையே இல்லை, சிவப்புப் பூ மட்டும் கொத்தாகப் பூக்கிறது

உங்களிடம் இருப்பது சமையல் சேஜ் இல்லை. நர்சரிகளில் சேஜின் பேரினப் பெயரைச் சொல்லி, சால்வியா என்று கேட்டால் அழகுக்கு வைக்கும் சிவப்பு சால்வியாவைத்தான் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பார்கள். அதே பேரினம், வேறு இனம், அடுப்படிக்கு ஆகாது. நீலப் பூங்கதிர் விடுகிற இன்னொரு சால்வியாவும் அப்படித்தான். சமையல் சேஜின் இலை நீளவாக்கில் இருக்கும், சாம்பல் கலந்த பச்சை, மேல்பக்கம் பொடிப்பொடியாகப் புடைத்த சுருக்கம், இரண்டு பக்கமும் மெல்லிய ரோமம். ஒரு இலையைக் கசக்கினால் கற்பூரம் கலந்த காட்டமான வாசனை விரலை விட்டுச் சீக்கிரம் போகாது. வாங்கும் முன் நர்சரிக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். பெயர்ப்பலகையை நம்பி வாங்க வேண்டாம்.

இலை சேஜ் மாதிரியே இருந்தும் வாசனை மட்டும் மந்தமாக இருந்தால் விஷயம் வேறு. வெயில் பற்றவில்லை, அல்லது உரம் அதிகமாகிவிட்டது. தழைச்சத்து கூடினால் இலை பெரிதாக, பச்சைப்பசேல் என்று, சவசவவென வளரும், எண்ணெய் ஊறாது. மாதாமாதம் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றும் பழக்கம் இருந்தால் சேஜுக்கு மட்டும் அதை நிறுத்துங்கள். வருடத்தில் இரண்டு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

ஏற்காட்டில் வாங்கி வந்த செடி ஒரே வாரத்தில் கருகுகிறது

சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கோடை விழாவுக்கு மே மாதம் மலைக்குப் போவோம், வரும்போது பூச்செடியோடு ஒரு சேஜையும் வாங்கி வருவோம். மேலே 28 டிகிரியில், நிழல்வலைக்குக் கீழே, மூடுபனி குடித்து வளர்ந்த இளஞ்செடி அது. ஜன்னல் மூடிய காரின் பின்பக்கத்தில் ஒரு மணி நேரம் வெந்து, மறுநாளே 39 டிகிரி வெயிலில் சிமெண்ட் மாடியில் நின்றால் என்ன செய்யும்? இலை தளதளப்பாக இருந்தாலும் அந்த இலை மேட்டு நிலத்து வெளிச்சத்துக்கென்று உருவானது. கீழே வந்ததும் பழைய இலைகளைக் கழித்துவிட்டு, சூடு தாங்கும் சின்ன, தடித்த இலைகளைப் புதிதாக விட வேண்டும். அதற்குக் கால அவகாசம் வேண்டும்.

முதல் வேலையாகத் தொட்டி மாற்றாதீர்கள். வந்த கவரிலேயே, கிழக்குப் பார்த்த சுவரோரம், காலை வெயில் ஒரு மணி நேரம் படும் இடத்தில் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு தரம் வெயிலை ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம். புது இலை ஒரு ஜோடி விரிந்ததும், அதாவது இரண்டு மூன்று வாரத்தில், தொட்டி மாற்றலாம். பழைய இலைகள் ஓரம் கருகி உதிர்ந்தால் பதற வேண்டாம். தண்டைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது.

உண்மையில் மே மாதம் வாங்கவே கூடாது. மழை ஓய்ந்து நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் வாங்கி வந்தால், கோடை வருவதற்குள் வேர் பிடித்து ஊரோடு ஒத்துப்போய்விடும். கோடை விழாவில் ஆசைப்பட்டுப் பார்த்த நர்சரியைக் குறித்து வைத்துக்கொண்டு டிசம்பரில் போங்கள்.

இன்னொரு வில்லங்கம் அந்தக் கவருக்குள் இருக்கிறது. நர்சரிச் செடிகளின் வேரைச் சுற்றி வெறும் தென்னைநார்க் கழிவு உருண்டையாக இருக்கும். அது ஈரத்தைப் பிடித்தால் விடாது. ஒரு தடவை எலும்பாகக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உள்ளே சேர்க்காது. மேலே ஊற்றுவது தொட்டியின் ஓரமாக வழிந்து அடித்துளையில் ஓடிவிடும். நடுவே வேர் வறண்டு கிடக்கும். தண்ணீர் ஊற்றிய அடுத்த நொடியே அடியில் கொட்டுகிறது, செடி வாடியே இருக்கிறது என்றால் இதுதான் காரணம். தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை அமுக்கி வையுங்கள், பிறகு எடுத்து முழுக்க வடியவிடுங்கள். தொட்டி மாற்றும்போது அந்த உருண்டையின் வெளிப்புறத்தை விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு நடுங்கள்.

மண் ஈரமாக இருக்கிறது, செடி தொங்குகிறது

எங்கள் தெருவில் ஒரு அக்கா தொட்டியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். "காலையில ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு ஊத்தறேன் கண்ணு, அப்படியும் தலை தொங்குதே" என்றார். "ஊத்தறதாலதாங்க்கா தொங்குது" என்று சொல்லிவிட்டு, அடித்தண்டைப் பிடித்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். மண் உருண்டை அப்படியே வந்தது. அடிப்பாகம் கறுத்து, சாக்கடை வாடை. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் மேல்தோல் உறை உருவியதுபோல் கையோடு வந்துவிட்டது. உள்ளே நூலிழை மாதிரி நரம்பு மட்டும் மிச்சம் நின்றது. வேரழுகலுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும், இழுத்தால் அறுபடுமே தவிரத் தோல் உரியாது.

நடப்பது இதுதான். மண்ணின் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிற்கிறது. வேர் மூச்சு முட்டிச் சாகத் தொடங்குகிறது. அந்தச் செத்த வேரில் பித்தியம், பைட்டோப்தோரா, ரைசாக்டோனியா போன்ற மண்வழிக் கிருமிகள் புகுந்து மிச்சத்தையும் அழிக்கின்றன. வேர் இல்லாததால் தண்ணீர் மேலே ஏறவில்லை, இலை வாடுகிறது. வாட்டத்தைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம்.

வெள்ளை வேர் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் காப்பாற்றலாம். மண்ணை உதறி, வேரைத் தண்ணீரில் அலசி, கறுத்ததையெல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். மேலே இலைப்பகுதியையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். குறைந்த வேரால் அத்தனை இலையைத் தாங்க முடியாது. பழைய மண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுக் கலவையில், வேர் அளவுக்குத் தக்க சின்னத் தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண் காயாமல் ஈரம் தேக்கி வைத்து மறுபடியும் அழுகலைக் கொண்டுவரும். அழுகல் கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா சேர்த்த மண்புழு உரத்தைக் கலவையில் ஒரு கைப்பிடி போடலாம். ஒரு தடவை தண்ணீர் விட்டு, பத்து நாள் வெளிச்சமான நிழலில் வையுங்கள். அதுவரை வேறு எந்த உரமும் கூடாது.

வேர் மொத்தமும் போய்விட்டதா? செடியை விட்டுவிட்டு நுனியைக் காப்பாற்றுங்கள். இன்னும் விறைப்பாக இருக்கும் இளங்கிளை நுனிகளை 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, சலித்த மணலும் தென்னைநார்க் கழிவும் சரிபாதி கலந்த கப்பில் ஊன்றுங்கள். நாலைந்து வாரத்தில் வேர் விடும். ரோஜாக் குச்சிக்குச் செய்வதுபோல் பாலிதீன் கவரால் இறுக்கி மூடிவிட வேண்டாம். இலையிலுள்ள ரோமம் ஈரத்தைப் பிடித்து வைத்து அழுகிவிடும்.

கலவை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வியாதி வராமல் தடுப்பது இங்கேதான். சேலத்துக்கு என் கணக்கு: செம்மண் இரண்டு பங்கு, கரட்டு மணல் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. ஆற்று மணல் கிடைக்காது, எம்-சாண்ட் போதும். ஆனால் அதைச் சலித்துத் தூசியைக் கழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தூசி நாலு தண்ணீரில் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். ஏற்காட்டில் மணலை மூன்று பங்காக்குங்கள். தொட்டி மண் தொட்டியாக இருக்கட்டும், 10 அல்லது 12 அங்குலம். சுவர் வழியாகவே ஈரம் ஆவியாகும். அடியில் தட்டு வைக்காதீர்கள். மேலே தேங்காய் மட்டை, சருகு மூடாக்குப் போடுவது கத்தரிக்கும் தக்காளிக்கும் நல்லது. சேஜுக்குப் பொடி ஜல்லி ஒரு அடுக்கு போதும். அடித்தண்டு காய்ந்தே இருக்கும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை ஊற்றுவது என்று கேட்டால் நாள் கணக்குச் சொல்ல மாட்டேன். மேல்மண் இரண்டு விரல்கணு ஆழம் காய்ந்த பிறகு, அடித்துளையில் வரும்வரை ஒரே தடவையாக ஊற்றுங்கள். பிறகு மறுபடி காயும்வரை தொடாதீர்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் மிகக் கெடுதல்.

மதியம் தொங்கி, சாயங்காலம் நிமிர்கிறது

ஏப்ரல், மே மாதங்களில் இது நோயே இல்லை. வேர் அனுப்புவதைவிட இலை வேகமாகத் தண்ணீரை விடுவதால் செடி இலையைத் தளர்த்திக்கொள்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். மறுநாள் விடியற்காலையிலும் தொங்கினால்தான் மண்ணைச் சோதிக்க வேண்டும்.

ஆனாலும் சேலம் மாடியில் தொட்டி மண்ணே கொதிக்கும். கறுப்பு க்ரோ பேக்கை மேற்கு வெயிலில் வைத்தால் வேர் வெந்துபோகும். தொட்டியை நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள், வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் நிழல் விழும் கிழக்குப் பக்கம்தான் கோடையில் நல்ல இடம். அப்படி இடம் இல்லாதவர்கள் மார்ச் பாதியிலிருந்து ஜூன் தொடக்கம்வரை 35 சதவீத நிழல்வலை கட்டலாம். கோடையில் செடி வளராமல் அப்படியே நிற்கும், அது ஓய்வு. அப்போது உரம் போட்டுத் தட்டி எழுப்பாதீர்கள், கவாத்தும் செய்யாதீர்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதைப் பாருங்கள். அடி இலைகள் மட்டும் ஒன்றிரண்டாக மஞ்சளாகி உதிர்ந்தால் பாதி நேரம் வயசு, மீதி நேரம் ஈரம். விரலை விட்டுப் பாருங்கள்.

நுனியிலிருக்கும் புது இலைகள் மஞ்சளாக, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. சேலத்தில் இது சர்வசாதாரணம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, நம் செம்மண்ணின் நிறமே இரும்புதான். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி மண்ணின் காரத்தன்மை ஏறிவிட்டால் அந்த இரும்பு வேருக்கு எடுபடாமல் பூட்டிக்கொள்கிறது. சேஜ் ஓரளவு காரத்தைத் தாங்கும் செடிதான், சுண்ணாம்புப் பாறையில் வளர்ந்ததாயிற்றே. ஆனால் தொட்டிக்குள் அளவு மீறிப் போகிறது. உடனடி நிவாரணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 3 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து, சாயங்கால வேளையில் ஒரு கிளையில் மட்டும் தெளித்துப் பாருங்கள். நாலைந்து நாளில் அந்தக் கிளை பச்சை கட்டினால் நோய் உறுதி, மற்ற கிளைகளுக்கும் தெளிக்கலாம். நிரந்தரத் தீர்வு தண்ணீரை மாற்றுவதுதான். குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர், பிடித்து வைத்த மழைத் தண்ணீர், ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர், எது கிடைத்தாலும் போர் தண்ணீரோடு மாற்றி மாற்றி ஊற்றுங்கள்.

இலை மஞ்சள் என்றாலே எப்சம் உப்பு போடச் சொல்லும் பழக்கம் பரவிவிட்டது. எப்சம் உப்பு மக்னீசியம். மக்னீசியம் குறைந்தால் பழைய இலைகளில்தான் நரம்பிடை மஞ்சள் தெரியும், நுனி இலையில் இல்லை. அதிலும் கருப்பூர், மாமாங்கம் பக்கத்து வீடுகளுக்குச் சொல்கிறேன்: உங்கள் பக்கத்தில் வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல்லே மக்னீசியம் கார்பனேட்தான். அந்தப் பக்கத்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் இன்னும் மக்னீசியம் ஊட்டுவது வீண்.

ஏற்காட்டில் கதை தலைகீழ். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மேல்தளம் பாக்சைட் (அலுமினியத் தாது) படிவு உள்ள பூமி. மண் அமிலத்தன்மை கொண்டது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காபி இன்றுவரை அங்கே செழிக்கிறதென்றால் அந்த மண்ணின் குணமும் ஒரு காரணம். சேஜுக்கு அது ஒத்துவராது. செடி முழுக்க வெளிறி, புது இலை சிறுத்து, வளர்ச்சி நின்று போகும். எஸ்டேட்களில் மண்ணுக்குப் போடும் விவசாயச் சுண்ணாம்பு அல்லது டோலமைட் தூளை 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி மண்ணோடு கலந்து, வருடத்துக்கு ஒரு முறை கொடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அது வேரைச் சுட்டுவிடும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடலாம், ஆனால் கரைய வெகுகாலம் ஆகும். அதை மருந்தாக எண்ணிக் காத்திருக்க வேண்டாம். சேலத்துக்காரர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுச் சுண்ணாம்பு வாங்கப் போய்விடாதீர்கள், உங்களுக்கு இருப்பதே மிதமிஞ்சியது.

இலை ஓரம் பழுப்பாகக் கருகுகிறது, மண்மேல் வெள்ளைப் படலம்

உப்பு சேர்ந்துவிட்டது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடும் வீடுகளில் இது நிச்சயம் வரும். உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் திரண்டு வெளியேறுகிறது. தரை கழுவ, கழிவறைக்கு அது போதும், சேஜுக்கு வேண்டாம். மேலே படிந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடிவழியாகக் கழுவிவிடுங்கள். வெயில் நன்றாக அடிக்கும் ஒரு காலையில் செய்தால் மண் சீக்கிரம் காயும்.

இலையில் வெள்ளையாக ஏதோ

நாலு விதமான வெள்ளை உண்டு. மருந்தடிக்கும் முன் எது என்று பிரித்துவிட வேண்டும், ஏனென்றால் அதில் இரண்டு நோயே இல்லை.

இளந்தளிர் முழுக்க வெள்ளி போர்த்தியதாகத் தெரிந்து, தேய்த்தாலும் போகாமல் இருந்தால் அது செடியின் சொந்த ரோமம். வெயில் கூடக்கூட இன்னும் வெளுக்கும். சந்தோஷப்படுங்கள்.

துளி விழுந்த வடிவத்தில் வட்ட வட்டமாக இருந்து, எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்தால் கரைந்துவிட்டால் அது போர் தண்ணீரின் சுண்ணாம்புக் கறை. இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினாலே தீர்ந்தது.

இலைக் கணுக்களில் பஞ்சு உருண்டையாக இருந்து, நசுக்கினால் பிசுபிசுப்பாக இளஞ்சிவப்பில் சாறு வந்தால் மாவுப்பூச்சி. எறும்பு ஊர்வதும் அடையாளம். பழைய பல் துலக்கியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். எறும்பு வரும் வழியையும் அடையுங்கள், மாவுப்பூச்சியைச் சுமந்து பரப்புவது அதுதான்.

மாவு தூவியதுபோல் திட்டுத்திட்டாக இருந்து, விரலில் ஒட்டிக்கொண்டு, துடைத்த இரண்டு மூன்று நாளில் மறுபடி அதே இடத்தில் படர்ந்தால், அது சாம்பல் நோய். பகல் காய்ந்து இரவு குளிரும் மாதங்களில், நெருக்கமாக வைத்த தொட்டிகளில், நிழலில் வரும். கீழே டிசம்பர், ஜனவரி. மேலே நவம்பர் தொட்டுப் பிப்ரவரிவரை. நோய் கண்ட இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். நடுக்கிளைகளில் இரண்டு மூன்றை வெட்டி உள்ளே காற்றும் வெயிலும் போக விடுங்கள். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வெயில் ஏறும் காலை வேளையில் வாரம் ஒரு முறை தெளிக்கலாம். கட்டுக்கு அடங்காமல் போனால் நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வெயில் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளிலும், வேப்ப எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் தெளித்தால் இலை கருகும். சமையலுக்குப் பறிக்கும் செடி என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இலையின் மேல்பக்கம் நரம்புக்கு நடுவே மஞ்சள் கட்டம், அடிப்பக்கம் சாம்பல் பூஞ்சணம்

இது அடிச்சாம்பல் நோய். சாம்பல் நோயோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இதற்கு இலை நனைந்திருக்க வேண்டும். எனவே இது ஏற்காட்டு நோய். நாள் கணக்கில் மூடுபனி விலகாத வாரங்களில் அடியிலிருந்து தொடங்கி மேலேறும், இலை கறுத்துத் தொங்கும். பால் தெளிப்பு இங்கே உதவாது, இன்னும் நனைப்பதாகத்தான் முடியும். கீழ் இலைகளை ஒரு சாண் உயரத்துக்கு உருவிவிடுங்கள். தொட்டியைக் கூரை நீட்டத்துக்குக் கீழே, மழை படாமல் வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். தரையில் நட்டவர்கள் மேட்டுப்பாத்தி போடாமல் தப்ப முடியாது. சில்வர் ஓக் நிழலில் காபி, மிளகோடு சேர்த்து நட்ட சேஜ் நான் பார்த்தவரை ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை.

ஊசியால் குத்தியதுபோல் வெண்புள்ளிகள்

ஒரு வெள்ளைத்தாளை இலைக்கடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த பொடிப்புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் சிலந்திப்பேன். முற்றினால் இலையடியில் மெல்லிய நூலாம்படை தெரியும், இலை வெண்கல நிறத்துக்கு மாறும். மார்ச் முதல் மே வரை சேலத்து வறண்ட காற்றில் கிடுகிடுவெனப் பெருகும். தட்டியதும் பூச்சி எகிறிக் குதித்து ஓடினால் தத்துப்பூச்சி. அதன் புள்ளிகள் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

பேனுக்கு விடியற்காலையில் இலையின் அடிப்பக்கத்தில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், மூன்று நாளுக்கு ஒரு முறை. தொட்டி மண்ணைப் பாலிதீனால் மூடிவிட்டுச் செய்தால் வேர் நனையாது. அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், அது கலக்க நாலைந்து சொட்டுக் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் வெயில் இறங்கியபின். வாரம் ஒன்றாக மூன்று முறை. அதன்பின் பத்து நாளாவது பறிக்காமல் விட்டு, பறித்ததை நன்றாகக் கழுவுங்கள். தத்துப்பூச்சிக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று தொங்கவிட்டால் பெரும்பாலும் போதும்.

தண்டு நீண்டு சாய்கிறது, அடி கட்டையாகிவிட்டது

நீண்டு சாய்வது வெளிச்சக் குறைவு. தினம் ஆறு மணி நேர வெயில் வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியில் சேஜ் வராது, அங்கே புதினா வையுங்கள்.

அடி கட்டையாவது இயல்பு. மூன்று நாலு வருடத்தில் எல்லா சேஜும் அடியில் விறகாகி, நுனியில் மட்டும் இலை நிற்கும். ஆசையாக அடியோடு வெட்டிவிடாதீர்கள். இலையே இல்லாத முதிர்ந்த கட்டையிலிருந்து பெரும்பாலும் தளிர் வராது. பச்சை இலை இருக்கும் கணுவுக்கு மேலேதான் வெட்ட வேண்டும். சேலத்தில் ஜூலை அல்லது டிசம்பர், ஏற்காட்டில் பனி விலகும் பிப்ரவரி கவாத்துக்கு ஏற்றது. வயதான செடிக்கு வாரிசு எடுக்கப் பதியன் போடுவதே சுலபம்: தாழ்ந்த கிளையை வளைத்து, அடிப்பட்டையை லேசாகச் சுரண்டி, பக்கத்துத் தொட்டி மண்ணில் ஒரு கல்லை வைத்து அமுக்குங்கள். ஆறு, ஏழு வாரத்தில் வேர் பிடித்ததும் தாயிடமிருந்து வெட்டிப் பிரிக்கலாம்.

விதை முளைக்கவில்லை, முளைத்தது அடியில் சுருங்கி விழுகிறது

விதைக்கு 18 முதல் 21 டிகிரி பிடிக்கும். சேலத்தில் டிசம்பர், ஜனவரி தவிர மற்ற மாதங்களில் விதைப்பது வீண்செலவு. அரை சென்டிமீட்டர் ஆழம், இரண்டு மூன்று வாரம் பொறுமை. ஒரே நாளில் எல்லாம் முளைக்காது. நாற்று அடியில் நூலாகச் சுருங்கிச் சாய்ந்தால் நாற்றழுகல், அந்தக் கப்பைத் தூக்கிப் போடுங்கள். மேலிருந்து தெளிக்காமல், கப்பைத் தட்டில் வைத்து அடிவழியாக உறிஞ்சவிட்டால் இது பெருமளவு வராது.

பறித்த இலை காயும்போது கறுக்கிறது

பனி காய்ந்தபின், வெயில் உச்சிக்கு வரும்முன் பறியுங்கள். ஒரு தடவைக்குச் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். சேலத்தில் நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் மொறமொறவெனக் காய்ந்துவிடும். ஏற்காட்டு மழை மாதங்களில் எப்படிப் பரப்பினாலும் கறுத்துவிடும். அப்போது காய வைக்காமல் பச்சையாகவே பயன்படுத்துங்கள். உருளைக்கிழங்கை வெண்ணெயில் வதக்கும்போது நாலு இலை, அல்லது கடலை மாவில் தோய்த்து மெல்லிசாக ஒரு பஜ்ஜி. இத்தாலியர்களும் மாவில் தோய்த்துப் பொரிப்பது உண்டு.

சமையலுக்கு நாலைந்து இலை என்பது வேறு, கஷாயமாகத் தினமும் குடிப்பது வேறு. சேஜ் எண்ணெயில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது, அளவு மீறினால் வலிப்பைத் தூண்டக்கூடியது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வலிப்பு உள்ளவர்கள் சேஜ் கஷாயம் குடிக்கக் கூடாது. கடையில் விற்கும் சேஜ் எண்ணெயை யாருமே உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது.